சாக் எண்ணிக்கை மட்டும் போதுமா?

கேள்வி: நானும் என் மைத்துனரும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை விடாமல் பார்ப்பவர்கள். 2021ஆம் ஆண்டின் ஜார்ஜியா பல்கலைக்கழக அணிக்கு இருந்த தற்காப்பு முன்வரிசைதான் அண்மைக் காலத்தில் தலைசிறந்தது என்பது என் கட்சி. அவரோ, "நடுவில் நின்ற ஜோர்டன் டேவிஸ் பருவம் முழுவதும் எடுத்ததே 2 சாக் (பந்து எறிபவரை எறிவதற்குள் கீழே சாய்ப்பது), மிச்சிகனின் எய்டன் ஹட்சின்சன் 14 எடுத்தார், இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?" என்று என் வாயை அடைத்துவிடுகிறார். நீங்கள் யார் பக்கம்?

பதில்: உங்கள் பக்கம்தான். மைத்துனர் சொல்லும் எண்கள் சரியானவை. அவற்றை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிடுவதில்தான் பிசகு இருக்கிறது. ஹட்சின்சன் வரிசையின் ஓரத்தில் நிற்பவர். பந்தை எறியும் எதிரணிக் குவார்ட்டர்பேக் அதை எறிவதற்குள் சுற்றி ஓடி அவரைக் கீழே சாய்ப்பதுதான், அதாவது சாக் எடுப்பதுதான், அவருக்குத் தரப்பட்ட முதல் வேலை. டேவிஸ் நின்றதோ பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிவிடும் எதிரணிச் சென்டருக்கு எதிரே.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு பந்து நகர்வை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்து நகர்ந்ததும் சென்டரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டும் சேர்ந்து டேவிஸை முட்டுகிறார்கள். வழக்கமாக அரை நொடியில் கார்டு அங்கிருந்து கழன்று, டேவிஸுக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரரான லைன்பேக்கரைத் தடுக்கப் போக வேண்டும். சுமார் 155 கிலோ எடையும், 40 யார்டை 4.78 நொடியில் கடக்கும் கால்களும் கொண்ட ஒருவரைச் சென்டரின் கையில் தனியே விட்டுவிட்டுப் போக எந்தக் கார்டுக்குத் துணிச்சல் வரும்? அவர் போகவில்லை, ஆகவே லைன்பேக்கர் நகோபி டீனை யாருமே தொடவில்லை, டீன் நேராக வந்து பந்துடன் ஓடுபவரை வீழ்த்துகிறார். புள்ளிவிவரத் தாளில் டீனின் பெயருக்கு நேரே ஒன்று ஏறும், டேவிஸுக்கு நேரே ஒன்றும் ஏறாது. அந்த ஆண்டு சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது டீனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அவுட்லேண்ட் (சிறந்த உள்வரிசை வீரருக்கு), பெட்னரிக் (சிறந்த தற்காப்பு வீரருக்கு) ஆகிய இரு விருதுகளையும் டேவிஸ் பெற்றார் என்பதை மைத்துனருக்கு நினைவூட்டுங்கள். விருதுக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் 2 என்ற எண்ணைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

ஆனால் ஓர் இடத்தில் மைத்துனருக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதிரணி பந்தை எறிந்தே தீர வேண்டிய கட்டங்களில் டேவிஸ் பெரும்பாலும் வெளியே அமர்த்தப்பட்டார். எல்லாக் கட்டத்துக்கும் உரிய வீரர் என்று அவரைச் சொல்வது மிகை.

கேள்வி: அவ்வளவு சிறந்த வரிசை, 2021 டிசம்பரில் தென்கிழக்கு மாநாடு (எஸ்.இ.சி.) எனும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு இறுதிப் போட்டியில் அலபாமாவிடம் 41–24 என்று தோற்றது ஏன்? அன்று ஒரு சாக் கூட எடுக்கவில்லையே!

பதில்: உண்மை. அன்று அலபாமாவின் பிரைஸ் யங் 421 யார்டு எறிந்தார். அடுத்த மாதமே, 2022 ஜனவரி 10 அன்று, தேசிய இறுதிப் போட்டியில் அதே யங்கை 4 முறை சாய்த்து ஜார்ஜியா 33–18 என்று வென்றது. ஜார்ஜியாவின் ஜேலன் கார்ட்டர், கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி எடுக்கும் எதிரணியின் ஃபீல்டு கோல் உதை ஒன்றையும் கையால் தடுத்தார். ஒரே வரிசை, ஒரே எதிரி, ஒரு மாத இடைவெளி.

முன்வரிசை திடீரென்று விழித்துக்கொண்டது என்று ரசிகர்கள் கொண்டாடுவது பாதிக் கதைதான். முதல் போட்டியில் காயமடைந்த அலபாமாவின் ஜான் மெச்சி இரண்டாவதில் ஆடவே இல்லை; அவரது அணியின் ஜேம்சன் வில்லியம்ஸ் இரண்டாவது போட்டியின் முற்பகுதியிலேயே முழங்கால் காயத்துடன் வெளியேறினார். பந்தைப் பிடிக்கும் முதன்மையான இருவரும் இல்லாதபோது குவார்ட்டர்பேக் எறிய ஆள் தேடிப் பந்தைக் கையிலேயே வைத்திருக்க நேர்கிறது, முன்வரிசைக்கு இன்னும் ஒரு நொடி கிடைக்கிறது. பின்னால் நிற்பவர்கள் எதிராளியை விடாமல் மூடிக்கொண்டதால் வந்த சாக்கும் முன்னால் நிற்பவரின் கணக்கில்தான் சேரும். முதல் போட்டியில் வரிசையை மட்டும் திட்டியவர்களும் இரண்டாவதில் வரிசையை மட்டும் புகழ்ந்தவர்களும் செய்த தவறு ஒன்றே.

கேள்வி: எதிரணியின் ஓட்டத்தைத் தடுத்த கணக்கை வைத்து முன்வரிசையை மதிப்பிடலாமா?

பதில்: கல்லூரிக் கால்பந்தில் எச்சரிக்கை தேவை. தொழில்முறை என்.எஃப்.எல். கணக்கில் சாக்கினால் இழந்த யார்டுகள் எறிதல் கணக்கில் கழிக்கப்படுகின்றன. கல்லூரிக் கணக்கிலோ ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. எதிரணி 20 முறை ஓடி 100 யார்டு எடுத்தது, 5 சாக்குகளில் 40 யார்டு இழந்தது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரித் தாளில் அது 25 ஓட்டம், 60 யார்டு என்று பதிவாகும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 5 யார்டு விட்டுக்கொடுத்த வரிசை இரும்புச் சுவராகத் தெரியும். சாக்குகளைப் பிரித்தெடுத்த பிறகே ஓட்டத் தடுப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: நடுவில் நிற்பவர்களால் சாக் எடுக்கவே முடியாதா?

பதில்: முடியும். 2009இல் நெப்ராஸ்காவின் நடுவில் நின்ற என்டாமுகன் சூ, டெக்சஸுக்கு எதிராக, பிக் 12 எனும் மற்றொரு கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் 4.5 சாக் எடுத்தார் (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை). அப்படியும் நெப்ராஸ்கா 13–12 என்று தோற்றது.

கேள்வி: 2018 கிளெம்சனா, 2021 ஜார்ஜியாவா? ஒரே ஒரு வரிசையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதில்: கிளெம்சனின் கிளெலின் ஃபெரல், கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ் மூவரும் 2019 என்.எஃப்.எல். தேர்வில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்வில்) 4, 13, 17ஆம் இடங்களில் எடுக்கப்பட்டனர். இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த லாரன்ஸ் இல்லாமலேயே அந்த வரிசை தேசிய இறுதிப் போட்டியில் அலபாமாவை 44–16 என்று வென்ற அணியில் நின்றது. குவார்ட்டர்பேக்கை விரட்டுவது மட்டுமே கேள்வி என்றால் கிளெம்சனைத்தான் சொல்வேன். ஆனால் ஜார்ஜியாவிடம் 2022 தேர்வில் முதல் இடம் பிடித்த டிராவன் வாக்கரும், 13ஆம் இடத்தில் போன டேவிஸும், 28ஆம் இடத்தில் போன டெவான்டே வயட்டும் இருந்தார்கள். மேலும், அடுத்த ஆண்டு 9ஆம் இடத்தில் தேர்வான கார்ட்டர் அங்கே பெரும்பாலும் மாற்று வீரராகவே இறங்கினார். அப்படி ஒருவரை உட்கார வைக்க முடிந்த ஜார்ஜியாவுக்கே என் வாக்கு.