கப் ஒரு நாள் காலி, மறுநாள் வழிகிறது: ஸ்கிம்மரை மாற்றவா, சரிசெய்யவா?

கேள்வி: வியாசர்பாடியில் முதல் மாடியில் வீடு. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கீழே 2 அடிக்கு 1 அடி சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து திரும்பப் போகும் கீழ்த்தொட்டி), உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. இரண்டு க்ளௌன் மீன், ஒரு டாம்சல் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்). '400 லிட்டர் வரை' என்று அட்டையில் போட்ட நீடில் வீல் ஸ்கிம்மரை (ஊசிச் சக்கரத்தால் காற்றைச் சிறு குமிழாக்கி, தண்ணீரின் அழுக்கை நுரையோடு மேலே உள்ள கப்பில் சேர்க்கும் கருவி) வாங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. சில நாள் கப் காலியாகவே இருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலையில் நிரம்பி வழிகிறது. இதைவிடப் பெரியது வாங்கலாமா, இதையே ஏதாவது செய்து சரிப்படுத்தலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 'தண்ணீர் ஊற்றிய மறுநாள்' வழிகிறது என்றால் ஸ்கிம்மர் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஏறி இறங்குவது அது நிற்கும் இடத்தின் தண்ணீர் மட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை வெயிலில், மேலே ஃபேன் ஓட, உங்கள் அளவுத் தொட்டியில் நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் ஆவியாகும். மேல்தொட்டியில் மட்டம் குறையாது, மிகுதித் தண்ணீரைக் கீழே இறக்கும் ஓவர்ஃப்ளோ அதை நிலையாக வைத்திருக்கும். குறைவதெல்லாம் சம்பில்தான். 24க்கு 12 இன்ச் சம்பில் 5 லிட்டர் போனால் மட்டம் ஒரு இன்ச்சுக்கு மேல் இறங்கிவிடும். சம்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 7 முதல் 9 இன்ச் ஆழத்துக்குச் செய்யப்பட்டவை. அதில் ஒரு இன்ச் மாறினால் நுரை கப்புக்குக் கீழே உள்ள கழுத்து வரை ஏறாமல் நின்றுவிடும், அல்லது தண்ணீரே கப்புக்குள் ஏறிவிடும். இரண்டு நாளைக்கு ஒரு முறை பக்கெட்டில் ஊற்றினால் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள். இந்த நிலையில் பெரிய ஸ்கிம்மர் வைத்தாலும் இதே கூத்துதான், வழிவது மட்டும் இன்னும் அதிகமாக இருக்கும்.

மட்டத்தை நிறுத்துவது எப்படி? சரியான வழி, சம்பில் 8 இன்ச் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, ஓவர்ஃப்ளோ குழாய் விழும் பக்கம் ஸ்கிம்மரையும் மறுபக்கம் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்பையும் வைப்பது. தண்ணீர் தடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் ஸ்கிம்மர் பக்கம் மட்டம் அசையாது. ஆவியாவது முழுக்க ரிட்டர்ன் அறையில் தெரியும். அறை சின்னதாகிவிடுவதால் அங்கே மட்டம் இன்னும் வேகமாக இறங்கும் என்பதை மறக்காதீர்கள், பம்ப் காற்றை இழுக்க விடக்கூடாது. கொளத்தூரில் தொட்டி ஒட்டுபவர்கள் யாரும் இதைச் செய்து கொடுப்பார்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய பின் குறைந்தது இரண்டு நாள் காய வேண்டும்.

சம்பைக் காலி செய்ய முடியாதென்றால் வேறு வழி இருக்கிறது. ஸ்கிம்மர் உட்காரும் அளவுக்கு 8 இன்ச் உயரமுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியையோ உணவுத்தர பிளாஸ்டிக் டப்பாவையோ சம்புக்குள் இறக்குங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் தண்ணீர் அதற்குள் விழட்டும். டப்பா நிரம்பி விளிம்பு வழியாகச் சம்பில் வழியும், உள்ளே மட்டம் எப்போதும் விளிம்பு அளவில் நிற்கும். ஸ்கிம்மரிலிருந்து வெளியேறும் குழாயை மட்டும் விளிம்புக்கு வெளியே விழும்படி திருப்பிவிடுங்கள். உள்ளேயே விழுந்தால் சுத்தமான தண்ணீரே மறுபடி சுற்றிவரும். ஆழம் ஒத்துவரவில்லை என்றால் அடியில் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி உயர்த்துங்கள். செங்கல், டைல்ஸ் துண்டு வேண்டாம்.

அடுத்து, பக்கெட்டில் ஊற்றுவதை விட்டுவிட்டு, மட்டம் குறைந்தால் தானே திறக்கும் ஒரு ஃப்ளோட் வால்வ் போடுங்கள். 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் கேனை உயரத்தில் வைத்து, அதிலிருந்து ரிட்டர்ன் அறைக்குக் குழாய் விட்டால் போதும். கேன் பெரிதாக வேண்டாம். வால்வ் மாட்டிக்கொண்டு 10 லிட்டர் மொத்தமாக இறங்கினாலும் உங்கள் தொட்டியில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 33 சொச்சத்துக்குத்தான் இறங்கும், மீனும் கோரலும் தாங்கும். 50 லிட்டர் டிரம் வைத்து வால்வ் மாட்டிக்கொண்டால் தாங்காது.

மட்டம் நின்ற பின் நுரையைச் சரிசெய்வது எளிது. உள்ளே குமிழும் தண்ணீரும் நுரையாக மாறும் கோடு, கழுத்து தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். வெளியேறும் வால்வை மூடினால் கோடு ஏறும், திறந்தால் இறங்கும். ஒரு நாளைக்கு ஒரு சின்னத் திருப்பு, அதற்குமேல் கை வைக்காதீர்கள். இரை போட்டதும், தொட்டிக்குள் கை விட்டதும் எண்ணெய்ப் பசையால் நுரை சில மணி நேரம் படுத்துவிடும். அதைப் பார்த்து வால்வை மூடினால் இரவில் வழியும். பலர் சிக்குவது இங்கேதான்.

கப்பில் சேர்வது கட்டன் டீ நிறத்தில் இருந்தால் போதும். கருகருவென்று கெட்டியாக வர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. கொஞ்சம் வெளிறிய திரவமாக எடுத்தால் மொத்தக் கழிவு அதிகமாகவே வெளியேறும். ஆனால் அதோடு உப்பும் போகும், அந்த இடத்தை ஃப்ளோட் வால்வ் நல்லதண்ணீரால் நிரப்பும், மெல்ல மெல்ல உப்பு குறையும். வாரம் ஒரு முறை, உப்பை அளக்கும் ரீஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். கருவியை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 அளவுக்கான கரைசலில் சரிபார்க்க வேண்டும். உப்பு குறைந்தால் நுரையும் குறையும்: உப்புத்தண்ணீரில் சிறு குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதில்லை, நல்லதண்ணீரில் உடனே சேர்ந்துவிடும். மீனுக்காக உப்பைக் குறைத்து வைக்கும் கடைகள் உண்டு. அந்த அளவை வீட்டிலும் வைத்திருந்தால் தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.025க்கு ஏற்றுங்கள், ஒரே நாளில் அல்ல, ஒரு வாரத்தில்.

இனி காற்று. ஸ்கிம்மரின் உயிர் அதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் புரதம், கொழுப்பு போன்றவற்றின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விலகும். விலகும் முனை காற்றைத் தேடிக் குமிழின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். எனவே எவ்வளவு காற்று, எவ்வளவு சிறு குமிழாக, எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறது என்பதே கணக்கு. அட்டையில் போடும் லிட்டர் அளவுக்குப் பொதுவான தரநிலை கிடையாது. உங்கள் தொட்டியின் அளவு 191 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடைவெளி கழித்து, சம்பைச் சேர்த்தால் ஓடும் தண்ணீர் சுமார் 185 லிட்டர். உங்களிடம் இருக்கும் மீனுக்கு, அட்டை அளவில் பாதியை நம்பினாலும் இந்த ஸ்கிம்மர் தாராளம். தேவைக்கு மிஞ்சிப் பெரியதாக வாங்கினால் கழுத்து அகலமாகிவிடும், அதை நிரப்பும் அளவுக்குக் கழிவு இருக்காது, நுரை ஏறுவதும் விழுவதுமாகவே இருக்கும்.

காற்றின் அளவை வீட்டிலேயே பார்க்கலாம். 5 லிட்டர் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். அதைக் காயவைத்து, காற்றால் நிரப்பி, ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். பை சுருங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 300 லிட்டர். உங்கள் தொட்டிக்கு 200 முதல் 300 வரை இருந்தால் நல்லது. அதோடு குமிழ் தனித்தனியாகத் தெரியாமல் உடல் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். எண்ணைக் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால், நுரை குறையும் முன்பே காற்று குறைவது தெரிந்துவிடும்.

குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புப் படிவு. காற்று தண்ணீரைத் தொடும் வென்சூரி முனையில் உப்பு காய்ந்து துளையைச் சுருக்கும். வாரம் ஒரு முறை பம்ப் ஓடும்போதே காற்றுக் குழாயை அரை டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் முக்கி உறிஞ்ச விடுங்கள். கழுத்தின் உட்புறத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும், அங்கே படியும் கொழகொழப்பே நுரையை மேலே ஏற விடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பம்பைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த பக்கெட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) ஊசிகளில் ஒட்டிய சுண்ணாம்பைப் பழைய பல்தேய்ப்பானால் எடுத்து, நன்றாக அலசி மாட்டுங்கள்.

காற்றைக் கூட்ட இம்பெல்லரில் வலை சுற்றிக் கட்டும் மாற்றத்தை இப்போது தொடாதீர்கள். சமநிலை கொஞ்சம் தவறினாலும் செராமிக் அச்சு உடையும். உங்களுக்கு அந்தத் தேவையும் இல்லை.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்கிம்மர் அறைக் காற்றை நாள் முழுக்கத் தண்ணீரில் கலக்கிறது. கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், ஸ்ப்ரே இவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லாத அளவே மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் வலை கட்டுங்கள், மருந்து வேண்டாம். தெருவில் மாநகராட்சி கொசுப்புகை அடிக்க வந்தால் ஜன்னலை மூடி, ஸ்கிம்மரை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.

ஏ.சி. போட்டு மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். 7.8, 7.9 என்று இறங்கும். காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் ஏறும். நம் பக்கத்தில் அதை யோசித்துச் செய்ய வேண்டும். கன்டெய்னர் லாரி போகும் சாலையோரமோ, மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலை நாற்றம் அடிக்கும் வீடோ என்றால், குழாய் முனையில் ஒரு ஸ்பாஞ்சும் அதன் பின்னே காய்ந்த கரித்துகள் நிரப்பிய சிறு குடுவையும் வைத்து, மாதம் ஒரு முறை கரியை மாற்றுங்கள். குழாய் நீளமானால் உள்விட்டமும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் காற்று குறையும். பைச் சோதனை அதைக் காட்டிவிடும். குழாய் முனை சம்பின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தொங்கவே கூடாது. பம்ப் நின்றதும் தண்ணீர் அதன் வழியே ஏறி வந்து தரையில் வடிந்துகொண்டே இருக்கும்.

கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கும். எல்லா பம்பையும் அணைத்து, மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள், விளிம்புக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் முதல் சில நிமிடம் ஸ்கிம்மர் வழியும். அதற்குக் கப்பின் அடியில் இருக்கும் வடிகுழாயை ஒரு பாட்டிலுக்கு விடுவதைவிட, ஸ்கிம்மர் பம்பை ஐந்து பத்து நிமிடம் கழித்து ஓடவைக்கும் டிலே டைமர் பிளக் நல்லது. கரண்ட் திரும்பிய பின் ஒரு தரம் சத்தத்தைக் கேளுங்கள். சாதாரண ஏ.சி. பம்ப் சில சமயம் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும், காற்றுச் சத்தம் பாதியாகிவிடும். அணைத்துப் போட்டால் சரியாகும். இன்வெர்ட்டரில் மாட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். கோடையில் 30 டிகிரித் தண்ணீர், 25 டிகிரியில் பிடிப்பதைவிடக் குறைவான ஆக்சிஜனையே பிடிக்கும், அந்த நேரத்தில் ஸ்கிம்மர் நின்றால் மீன் மேலே வந்து மூச்சுவிடும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஸ்கிம்மரை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் பம்ப் லேபிளைப் படியுங்கள். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும், காற்றும் குறையும்.

திடீரென்று நுரை பொங்கி நிற்காமல் வழிந்தால், அதற்கு முந்தைய நாள் தொட்டியில் என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள். கோரல் ஒட்டும் எபாக்ஸி, குளோரின் நீக்கும் திரவத்தில் சேர்க்கும் 'மீனின் வழவழப்பைக் காக்கும்' பொருள், மீன் மருந்து, இவை மூன்றும் வழக்கமான காரணங்கள். கப்பைக் கழற்றிவிட்டு ஸ்கிம்மரை ஓடவிடுங்கள், ஒரு வலைப் பையில் ஆக்டிவேடட் கார்பன் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் அடங்கும். கடல்நீர் பிடித்துவந்து மாற்றுபவராக இருந்தால் காசிமேடு துறைமுகத்தை ஒட்டியும் எண்ணூர் முகத்துவாரத்தின் அருகிலும் எடுக்கவே வேண்டாம். டீசல் படலம் நுரையைக் கொல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரையோரக் கடலின் உப்பும் குறைந்துவிடும். உப்புப் பாக்கெட் வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பதே பாதுகாப்பு.

ஸ்கிம்மரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009இல் பல ஸ்கிம்மர்களைச் சோதித்து, தண்ணீரில் உள்ள கரிமப் பொருளில் 20 முதல் 30 சதவீதத்தையே அவை எடுக்கின்றன என்று கண்டார். ஸ்கிம்மருக்கு ஸ்கிம்மர் வித்தியாசம் பெரிதாக இல்லை. கழிவு சிதைந்து ஏற்கெனவே உருவான நைட்ரேட்டை ஸ்கிம்மர் தொடாது. பெரிய ஸ்கிம்மருக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் தடுப்பு, ஃப்ளோட் வால்வ், டைமர் வாங்குங்கள். மீதியில் நல்ல உப்பும் ஒரு டெஸ்ட் கிட்டும் வாங்கி, பத்து நாளைக்கு ஒரு முறை 20 லிட்டர் மாற்றுங்கள். நைட்ரேட் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால், குறைக்க வேண்டியது இரையை.