கரண்ட் போனால் கறிச்சட்டியை என்ன செய்வது? வாசகர் கேள்விகள்

2013 டிசம்பர் 21, 22 இல் ரொறன்ரோவில் பெய்த உறைமழையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரில் மட்டும் 3 லட்சம் இணைப்புகள் வரை அறுந்தன. நத்தாருக்கு வாங்கி நிரப்பிய பிரீசர்களோடு பல வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. குளிர்காலம் தொடங்கினாலே இந்தக் கேள்விகள் எனக்கு வரத் தொடங்கிவிடும்.

வெளியே மைனஸ் 10. பிரிட்ஜில் இருப்பதை எல்லாம் பல்கனியில் வைத்தால் என்ன? (ஸ்காபரோ)

நல்ல யோசனை போலத்தான் தெரியும். ஆனால் வெளிக்குளிர் ஒரே அளவில் நிற்பதில்லை. மதியம் வெயில் நேரே பட்டால், காற்று மைனஸில் இருக்கும்போதே பெட்டிக்குள் இருக்கும் இறைச்சி இளகிவிடும். இரவில் திரும்ப இறுகிவிடுவதால் காலையில் பார்க்கும் உங்களுக்கு நடுவில் நடந்தது தெரியாது. முற்றத்தில் வைத்தால் ரக்கூன் வேறு வரும்.

அதனால் சாப்பாட்டை வெளியே கொண்டுபோகாதீர்கள், வெளியே இருக்கும் குளிரை உள்ளே கொண்டுவாருங்கள். ஐஸ்கிரீம் டப்பா, பிளாஸ்டிக் போத்தல் என்று கையில் கிடைப்பதில் தண்ணீர் ஊற்றி வெளியே வையுங்கள். தண்ணீர் உறையும்போது விரியும், மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். கட்டியானதும் பிரிட்ஜுக்குள் வைத்து மூடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பிரீசரில் காலியாக உள்ள இடங்களையும் இப்படி நிரப்பிவிட்டால் இன்னும் நல்லது. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

எத்தனை மணி நேரம் தாங்கும்? (ஏஜாக்ஸ்)

கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம். நிறைந்த பிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். 'என்ன ஆச்சு' என்று திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு குறையும். இரண்டிலும் ஒவ்வொரு சின்ன வெப்பமானி போட்டு வையுங்கள், விலை அதிகமில்லை. இறைச்சி, மீன், பால், சமைத்த கறி, சோறு, சொதி எல்லாம் 4 பாகைக்கு மேல் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் குப்பைக்குத்தான். வெண்ணெய், ஊறுகாய், வெட்டாத காய், பழம் தாக்குப்பிடிக்கும். பிரீசரில் உள்ளதில் இன்னும் பனித்துகள் தெரிந்தால் திரும்ப உறைய வைக்கலாம், சுவைதான் கொஞ்சம் குறையும்.

கறி மணக்கவே இல்லை. நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டால் போதாதா? ஊரில் அப்படித்தானே செய்தோம்? (மார்க்கம்)

அம்மா மீன்குழம்பை இரவும் காலையும் கொதிக்க வைத்து இரண்டு நாள் பரிமாறியதை நானும் சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் அதில் புளி இருந்தது, கிருமி பெருகுவதற்கு முன்பே அடுத்த கொதி வந்துவிடும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. கறி ஒரு பகல் முழுக்க வெதுவெதுப்பில் கிடந்த பிறகு கொதிக்க வைக்கிறீர்கள். கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் அதற்குள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி இதற்குப் பேர்போனது. அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. மூக்கை நம்பாதீர்கள். உழைத்த காசில் வாங்கியதைக் கொட்டும்போது மனம் வலிக்கும், எனக்கும் வலித்திருக்கிறது. இருந்தாலும் கொட்டுங்கள்.

கராஜில் கதவைத் திறந்துவைத்து பார்பிகியூவில் சமைக்கலாமா? (பிரம்டன்)

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரியோ, காஸோ, ஜெனரேட்டரோ, அதில் வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2013 புயலின்போதும் ஒன்ராறியோவில் அதனால் உயிர்கள் போயின. அடுப்பை முற்றத்தில், ஜன்னல்களை விட்டுத் தள்ளி வையுங்கள். வீட்டில் இருக்கும் கார்பன் மொனொக்சைட் அலாரத்தில் பட்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியே போய் 911 ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா 18 ஆம் மாடியில் தனியாக இருக்கிறார், சர்க்கரை வியாதி. என்ன வாங்கி வைக்க வேண்டும்? (ஸ்காபரோ)

முதலில் தண்ணீர். உயரமான கட்டடங்களில் பம்ப் நின்றால் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது. குடிக்க மட்டும் நாளுக்கு 2 லீட்டர், சமைக்கக் கழுவ இன்னொரு 2 லீட்டர் என்று மூன்று நாளுக்கு வையுங்கள். அப்புறம் அடுப்பு வேண்டாத சாப்பாடு: பச்சைத்தண்ணீரில் ஊறும் அவல், கச்சான், பால்மா, டின் கடலை, டின் மீன். கையால் திறக்கும் டின் வெட்டியை மறந்துவிடாதீர்கள்.

இன்சுலினைப் பற்றி அதிகம் பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள் சாதாரண அறை வெப்பத்தில் 28 நாள் வரை கெடாது. உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பது பெட்டியில் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். பயப்பட வேண்டியது குளிருக்குத்தான். ஜன்னலோரத்திலோ பல்கனியிலோ ஐஸ்கட்டியை ஒட்டியோ வைத்து உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதைப் போடக் கூடாது.