ஸ்டுட்கார்டுக்கு வரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது என்றும், கணவருக்கு ஸ்டுட்கார்டில் வேலை கிடைத்திருப்பதால் அக்டோபர் கடைசியில் இருவரும் ஜெர்மனிக்கு வருகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். குளிர்கால உடைகளைச் சென்னையிலேயே வாங்கிவிடலாமா, பட்டுப்புடவைகளைக் கொண்டுவரலாமா, சனி ஞாயிறுகளில் எத்தனை நாடுகளைப் பார்க்க முடியும், வாடகையும் வரியும் எவ்வளவு ஆகும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். வாடகையையும் வரியையும் பற்றி உங்கள் கணவரின் அலுவலகத்திலேயே விளக்கமாகச் சொல்லிவிடுவார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள், வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்றோடு சென்று முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மற்ற மூன்று கேள்விகளையும் படித்தபோது, 2012 நவம்பரில் இதே ஊரில் வந்து இறங்கிய என்னையே பார்த்தது போல இருந்தது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உடை. நாங்கள் புறப்படுவதற்கு முன் சென்னையில் கடை கடையாக ஏறி, ஆளுக்கு இரண்டு தடித்த கோட்டுகளும் நான்கு கம்பளிச் சட்டைகளும் வாங்கினோம். ஒரு பெட்டி முழுவதையும் அவையே அடைத்துக்கொண்டன. இங்கே வந்து முதல் வாரம் பெய்த மழையில் அந்தக் கோட்டுகள் தண்ணீரைக் குடித்துக் கனத்து, இரண்டு நாளாகியும் காயவில்லை. ஸ்டுட்கார்டில் பனி விழும் நாட்களைவிடத் தூறலும் காற்றும் கலந்த நாட்கள்தான் அதிகம். வெளியே மூன்று டிகிரி இருக்கும்போது ரயிலிலும் கடையிலும் அலுவலகத்திலும் இருபது டிகிரிக்கு மேல் வெப்பமூட்டியிருப்பார்கள். ஒரே தடித்த உடையைப் போட்டுக்கொண்டு போனால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தோடு வெளியே வந்து நடுங்க வேண்டியிருக்கும். இந்த ஊர்க்காரர்கள் வெங்காயத் தோல் போல உடுத்த வேண்டும் என்று சொல்வார்கள். உடலோடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளியோ ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணியோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் தொப்பி வைத்த ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு இருந்தால், இடத்துக்கு ஏற்பக் கழற்றலாம், போடலாம். உடலோடு ஒட்டிய அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

எட்டு ஆண்டுகளாக நான் துணி திருத்தித் தரும் தையற்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும், ஊரிலிருந்து வாங்கி வந்த கோட்டின் ஜிப் பல் உடைந்துவிட்டது என்று நம் பிள்ளைகள் யாராவது வந்து நிற்பார்கள். ஜிப்பை மாற்றுவதற்கான கூலியைச் சொன்னதும் அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பல நேரங்களில் அந்தக் கூலி கோட்டின் விலையை நெருங்கிவிடுகிறது. ஆகவே, வந்து இறங்கும் அன்று போட்டுக்கொள்ள ஒரு ஜாக்கெட் போதும். மற்றதை இங்கே வாங்குங்கள். ஜனவரி பிறந்ததும் குளிர்கால உடைகளின் விலையை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். பழைய துணிக் கடைகளிலும் நல்ல கம்பளிக் கோட்டுகள் கிடைக்கும். பிறர் உடுத்தியதை வாங்குவதா என்று நானும் முதலில் தயங்கினேன். இங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

அந்தத் தயக்கத்தைப் போக்கியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. எண்பதுகளில் போர் காரணமாகக் கைப்பெட்டிகூட இல்லாமல் வந்து சேர்ந்தவர். பேருந்து நிறுத்தத்தில் துணிக் காலணியோடு நான் நின்றதைப் பார்த்து, "பிள்ளை, முதல்ல நல்ல சப்பாத்து வாங்கும், மிச்சமெல்லாம் பிறகு பாக்கலாம்" என்றார். பின்னர் அவரே என்னை அழைத்துச் சென்று, தடித்த அடியும் ஆழமான பள்ளங்களும் உள்ள ஒரு ஜோடியை, கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டு ஓர் அளவு பெரிதாக, தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இந்த ஊர் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. சரிவுகளில் ஏற 400க்கும் மேற்பட்ட படிக்கட்டு வழிகள் உண்டு. உறைபனி படிந்த கல் படியில் வழுக்கி விழாமல் இறங்கக் காலணிதான் துணை. தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர்களில் சிலர் ஈழத்து உறவுகளிடமிருந்து ஒதுங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்குத் தீராத மனக்குறை. மொழி தெரியாத நாட்டில் நாற்பது குளிர்காலங்களைக் கடந்தவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

கோடைக்கு நம்மூர்ப் பருத்தி உடைகளைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஜூலையில் 35 டிகிரியைத் தொடும் நாட்கள் வரும். பெரும்பாலான வீடுகளில் ஏசியும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது.

இரண்டாவதாகப் பட்டுப்புடவை. இதைப் பற்றி எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது. முதல் குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே படுக்கையறை. துவைத்த துணிகளை அந்த அறையிலேயே கொடி கட்டி உலர்த்தினேன். குளிர் உள்ளே வரும் என்று பயந்து, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஜன்னலைத் திறக்கவே இல்லை. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். மார்ச் மாதம் ஓர் உறவினரின் வளைகாப்புக்காக என் முகூர்த்தப் புடவையை எடுத்தபோது, மடிப்பு முழுவதும் கறுப்புப் புள்ளிகள். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுவதும் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிந்து இப்படி ஆகிவிடுகிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டைக் காலி செய்தபோது, சுவரைச் சரிசெய்த செலவு என்று உரிமையாளர் வைப்புத்தொகையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். வெப்பச் செலவு சேராத வாடகையில் மூன்று மாத அளவு வரை வைப்புத்தொகையாக வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்களுக்கு அது சிறு தொகை அல்ல.

கதவைத் தட்டி என்னிடம் முதலில் பேசிய கீழ்வீட்டு மூதாட்டி, சில வாரங்களுக்கு ஒருமுறை எங்கள் கதவில் ஒரு சிறு பலகையை மாட்டிவிட்டுப் போவார். படிக்கட்டையும் வாசலையும் கூட்டித் துடைக்கும் முறை அந்த வாரம் எங்களுடையது என்பதற்கு அது அடையாளம். இந்த வட்டாரத்தில் அதைக் கேர்வோஹெ என்பார்கள். பனி பெய்தால், வேலை நாட்களில் காலை 7 மணிக்குள் வாசல் நடைபாதையில் பனியை ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பலகை எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நவம்பரில் அவர் சொன்ன விளக்கமும், ஜன்னலைக் காட்டிச் சொன்னதும் புரியவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் மீண்டும் வந்து, என் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, ஜன்னல்களை அகலத் திறந்து, கடிகாரத்தில் ஐந்து நிமிடத்தைச் சுட்டிக் காட்டினார். காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் எல்லா ஜன்னல்களையும் ஒருசேரத் திறந்து மூட வேண்டும், பாதி திறந்து நாள் முழுவதும் விடக் கூடாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். மொழி தெரிந்திருந்தால் நவம்பரிலேயே அவர் சொன்னது புரிந்திருக்கும், என் புடவையும் தப்பியிருக்கும்.

அதனால்தான் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். என் கணவரைப் போல உங்கள் கணவரும், உயர்கல்வி பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை, வசிப்பு அனுமதியான நீல அட்டையில் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீல அட்டை வைத்திருப்பவரின் துணைவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வுச் சான்று தேவையில்லை. வந்த நாளிலிருந்தே வேலைக்கும் போகலாம். கேட்கும்போது இது பெரிய சலுகையாகத் தோன்றும். ஒரு சொல்லும் தெரியாமல் வந்து, வேலைக்குப் போகும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்த இரண்டு ஆண்டுகளை என்னால் திரும்பப் பெற முடியாது. டிசம்பரில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் விடியும். மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். கணவர் இருட்டில் போய் இருட்டில் திரும்புவார். இடையில் இருக்கும் வெளிச்சத்தில் பேசுவதற்கு ஒருவரும் இல்லை. இங்கே ஆங்கிலமே போதும் என்று முன்பே வந்தவர்கள் பலர் உங்களிடம் சொல்வார்கள். அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு அது போதும். மருத்துவரின் வரவேற்பு மேசைக்கும், கீழ்வீட்டுப் பாட்டிக்கும், வீட்டு உரிமையாளரின் கடிதத்துக்கும் போதாது. முகவரியைப் பதிவு செய்த அதே வாரத்தில், நகரின் பொதுக் கல்விக்கூடத்தில் மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

மூன்றாவது, சனி ஞாயிறு பயணம். எத்தனை நாடுகள் என்று கேட்காதீர்கள் என்றே சொல்வேன். எங்கள் முதல் மூன்று ஆண்டுகளில், கணவரின் அலுவலகத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கிடையே இது ஒரு போட்டியாகவே நடந்தது. வெள்ளி இரவு பேருந்தில் ஏறி, சனிக்கிழமை பாரிஸில் கோபுரத்தடியில் படம் எடுத்து, ஞாயிறு இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போவது. அந்தப் படங்களுக்காகவே ஒருவர் கோட்டை மற்றவர் மாற்றிப் போட்டுக்கொள்வோம். ஊரில் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கோ பாரிஸில் நினைவிருப்பது நீண்ட வரிசையும் கால்வலியும்தான்.

2016 ஜனவரியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது நடந்ததையும் கேளுங்கள். எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர உடன்பட்ட ஷெங்கன் நாடுகளுக்கிடையே எல்லையே இல்லை என்று எல்லோரும் சொன்னதை நம்பி, கணவர் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். 2015 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனையைத் தொடங்கியிருந்தது. எல்லையோர ஃப்ரைலாசிங் நிலையத்தில் எங்களை இறக்கி, வசிப்பு அட்டையைச் சரிபார்த்து முடிக்கும்வரை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் கடைசி ரயில் போய்விட்டது. அந்த இரவு முழுவதும் நடைமேடைக் குளிரில் கழிந்தது. பக்கத்து நாட்டுக்கு அரை நாள் போனாலும் பாஸ்போர்ட்டும் வசிப்பு அட்டையும் இருவரிடமும் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்துக்குப் போனால் கைபேசியின் இணையத்தை அணைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் பேசும் வசதி அங்கே சட்டப்படி செல்லாது.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் பயணத்தை மாற்றிக்கொண்டோம். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் மாநிலம் முழுவதும் போகக்கூடிய பாடன் வூர்ட்டம்பர்க் பயணச்சீட்டை வாங்கி, காலையில் கிளம்பி இரவில் வீட்டுக்கு வந்துவிடும் தொலைவுகளையே தேர்ந்தெடுத்தோம். எஸ்லிங்கனில் மரச்சட்டம் தெரியக் கட்டிய பழைய வீடுகள், நெக்கர் ஆற்றங்கரையில் டூபிங்கன், 37 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பாட் ஊராக் அருவி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உல்ம் நகரில் 161 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரத்தின் 768 படிகளை நான் புடவையில்தான் ஏறினேன். உள்ளே கம்பளிக் காலுடை, காலில் அந்த அக்கா வாங்கித் தந்த சப்பாத்து. மேலே நின்றபோது ஒரு முதியவர் புடவையைப் பற்றிக் கேட்டார். அதை எப்படி உடுத்துவது என்று ஜெர்மனில் முதல்முறையாகப் பத்து நிமிடம் தடுமாறாமல் பேசினேன். ஐரோப்பா முழுவதும் சுற்றியதில் எனக்குக் கிடைக்காத மகிழ்ச்சி அது.

உங்களுக்கு இன்னும் எளிது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி இப்போது 63 யூரோவாக உயர்ந்திருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்று இருந்தால், மாதம் முழுவதும் நாடெங்கும் உள்ளூர்ப் பேருந்திலும் வட்டார ரயிலிலும் போகலாம். அதிவேக ரயில்களில் அது செல்லாது. ஏறிவிட்டு அபராதம் கட்டியவர்களை நான் அறிவேன். அது மாதந்தோறும் தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. நிறுத்த நினைத்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது. அன்று எங்காவது மலையடிவாரத்தில் நடப்பதையும், சனிக்கிழமை காலையில் வாரத்துக்கான பொருட்களை வாங்கி முடிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நீண்ட விடுமுறை கிடைத்தால் இரண்டு இடங்களுக்குப் போய்வாருங்கள். ஒன்று, ஹாம் நகரில் ஈழத்தமிழர் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில். தேரோட்டத்தன்று அந்த ஜெர்மன் தெருவில் பட்டுப்புடவைகளைப் பார்க்கும்போது கண் நிறையும். மற்றொன்று ஹாலே நகரின் ஃபிராங்கே கல்வி அறநிறுவனம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்த ஜெர்மன் கிறித்தவப் போதகர் சீகன்பால்கு பயின்ற ஊர் அது. தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே இன்றும் காக்கப்படுகின்றன.

பட்டுப்புடவை கொண்டுவரலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் கொண்டுவாருங்கள், ஒன்றோ இரண்டோ. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம். துணி உலர்த்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் பொது அறை இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல், இடையில் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்துங்கள்.