வசந்த விடுமுறைக்கு கிராண்ட் கேன்யன்

கேள்வி: மார்ச் விடுமுறையில் 4, 7 வயதுக் குழந்தைகளோடு ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன் போகிறோம். பயணம் எங்கே சொதப்பும்?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: குளிரில்தான். பாலைவனம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு போய்விடாதீர்கள். பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். மார்ச்சிலும் பனி பெய்யும். பள்ளத்தில் இறங்கும் பாதைகளின் தொடக்கம் நிழலில் இருக்கும். அங்கே மிதிபட்டு இறுகிய பனி கண்ணாடி மாதிரி வழுக்கும். காலணியில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் பிள்ளைகளை இறக்கவே கூடாது. அரைமணி நேரம் இறங்கினால் ஏற ஒரு மணி நேரமாகும். அழுகை ஆரம்பிப்பது அங்கேதான். விளிம்பை ஒட்டிய சமதளப் பாதையே உங்களுக்குப் போதும், காட்சியும் அங்கேதான் விரிகிறது. ஆனால் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. சின்னவன் கையை விடாதீர்கள். தெற்கு விளிம்பை ஒட்டிப் போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் 1 முதல் சொந்தக் காருக்கு அனுமதியில்லை, இலவசப் பேருந்து உண்டு. வடக்கு விளிம்பு அப்போது மூடியிருக்கும்.