நேர்முகம் முடிந்து மூன்று கிழமை, கடிதம் இன்னும் வரவில்லை: என்ன செய்வது?

கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறி, கொழும்பில் ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டு நேர்முகம் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், "உங்களை எடுக்கிறம், கடிதம் அனுப்புறம்" என்று வாயால் சொல்லியும் விட்டார்கள், ஆனால் மூன்று கிழமையாக ஒன்றும் இல்லை. சரி, பயப்படாதீர்கள். நிறுவனத்தின் பங்காளர்கள் கடிதத்தில் ஒப்பமிட வேண்டியிருக்கலாம், அதில் ஒருவர் வழக்கில் நிற்பார். ஓகஸ்ட், டிசெம்பர் என்றால் நீதிமன்ற விடுமுறை வேறு.

ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள். நன்றி சொல்லி, கடிதம் எப்போது கிடைக்கும், எப்போது வேலை தொடங்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ஒரு கிழமை பார்த்து, பதில் இல்லையென்றால் நேரே தொலைபேசி எடுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று நானும் ஒருமுறை சும்மா இருந்தேன்; கடைசியில் கடிதம் ஸ்பேமுக்குள் கிடந்தது!

முக்கியமானது இதுதான்: கையில் கடிதம் வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள், வெள்ளவத்தையில் அறைக்கு முற்பணமும் கட்டாதீர்கள். வந்ததும் சம்பளம், தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவித்தல் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, அவர்கள் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதமும் அவர்களுடையதுதான். இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை, சட்டத்தரணிகளிடம்தானே கேட்கிறீர்கள்.

அதுவரை வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ வேறு இடங்களுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள்.