உள்ளூர்க்காரன் தன் ஊரைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதக்கூடாதா?

கேள்வி: என் சித்தப்பா பாம்பனில் லாட்ஜ் நடத்துகிறார். ஊர்ப் பக்கத்தில் அதைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். நலமுரண் என்று நீக்கிவிட்டார்கள். உள்ளூர்க்காரன் எழுதவே கூடாதா?

தாராளமாக எழுதலாம். பாம்பன்காரர் பாம்பனைப் பற்றி எழுதுவது நலமுரண் என்றால், தமிழ் விக்கிப்பீடியாவில் பாதி ஊர்களுக்குப் பக்கமே இருந்திருக்காது. சிக்கல் ஊரில் இல்லை, லாட்ஜில் இருக்கிறது. எழுதுகிற விஷயத்தால் உங்களுக்கோ வீட்டாருக்கோ காசோ பெயரோ வருமென்றால் அதுதான் நலமுரண். 1914-ல் திறந்த ரயில் பாலத்தைப் பற்றியும், 2025 ஏப்ரலில் திறந்த புதுத் தூக்குப் பாலத்தைப் பற்றியும் மேற்கோளோடு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். "பாலத்தைப் பார்த்தபடி அறைகள் கொண்ட சிறந்த விடுதி" என்று ஒரு வரி விழுந்தால், எழுதியவர் வேறு என்னென்ன தொகுத்திருக்கிறார் என்று உடனே பார்ப்பார்கள். பங்களிப்புப் பட்டியலில் அந்த லாட்ஜ் மட்டும்தான் இருந்தால் விஷயம் முடிந்தது.

என் ஊர் மண்டபம். தாய்மாமாவுக்கு விசைப்படகு இருக்கிறது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நம் கரையில் உள்ள பிணக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1983-ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. உள்ளே வந்து வலையை அறுத்துவிட்டார்கள் என்று நாட்டுப்படகுக்காரர்கள் சொல்வதும், விசைப்படகுக்காரர்கள் மறுப்பதும் வழக்கம்தான். இதைப் பற்றி எழுத எனக்கு நிறையத் தெரியும். அதனாலேயே அந்தப் பகுதியில் நான் கைவைப்பதில்லை. கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கென்று அதோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதிவிட்டு ஒதுங்கிவிடுவேன்:

"என் தாய்மாமா விசைப்படகு உரிமையாளர். அதனால் நானே திருத்தவில்லை. கட்டுரையில் மீன்பிடித் தடைக்காலம் 45 நாள் என்று இருக்கிறது. 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்வளத்துறை அறிவிப்பின் இணைப்பு கீழே. தொடர்பில்லாத யாராவது சரிபார்த்து மாற்றவும்."

ஒரு தேதிக்குக் கூடவா இத்தனை சடங்கு என்று மாமா மகன் சிரிப்பான். சிரிக்கட்டும். எழுத்துப்பிழை, யாரோ கிறுக்கிவிட்டுப் போன வசவு என்றால் நானும் நேரடியாகவே திருத்திவிடுவேன். அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நீங்களும் இதே வழியில் போகலாம். உங்கள் கணக்குக்கென்று இருக்கும் பயனர் பக்கத்தில் சித்தப்பா உறவைச் சொல்லிவிடுங்கள். லாட்ஜில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்த வேலையின் பகுதியாக எழுதினால் கதை இன்னும் கறார். 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது: யார் காசு கொடுத்தார்கள், யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதைப் பயனர் பக்கத்திலோ, உரையாடல் பக்கத்திலோ, மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்திலோ சொல்லியே ஆகவேண்டும். தம்பி போனிலிருந்து புதுக் கணக்கு தொடங்கி மறுபடி சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். கைப்பாவைக் கணக்கு என்று பிடித்தால் இரண்டையும் தடை செய்துவிடுவார்கள்.

உறவைச் சொல்லிவிட்டால் மட்டும் வரி நிற்காது. சித்தப்பாவோடு தொடர்பில்லாத பத்திரிகையோ நூலோ அந்த லாட்ஜைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். 1964 புயலில் தனுஷ்கோடி போனதைப் பாட்டி கண்ணால் பார்த்திருந்தாலும் அவர் வாய்ச்சொல் அங்கே மேற்கோள் ஆகாது என்கிறபோது, லாட்ஜ் விளம்பர நோட்டீஸ் எப்படி ஆகும்? இன்னொன்றையும் யோசியுங்கள். நாளைக்கு அதே லாட்ஜைக் குறை சொல்லி நாளிதழில் செய்தி வந்து, யாரோ அதை மேற்கோளோடு சேர்த்தால், அழிக்காமல் விட்டுவைப்பீர்களா? சித்தப்பா விடுவாரா?

லாட்ஜுக்கு ஆள் வரவேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் கூகுள் மேப்பில் பதிவு செய்யுங்கள். காசு கிடையாது, உரிமையாளரே படம், கட்டணம், போன் நம்பர் எல்லாம் போடலாம். ராமேஸ்வரம் வருகிறவர்கள் ரூம் தேடுவதும் அதில்தான்.