கோமகன் தோட்டத்தில் மூன்று இரவுகள்: மோட்டார்ஹோம் கூடல் பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டில், எஞ்சினும் வீடும் ஒன்றாக அமைந்த மோட்டார்ஹோம் வண்டிகளில் பயணிக்கும் நம் குழு நடத்தவிருக்கும் இலையுதிர்கால வார இறுதிக் கூடலுக்கு இம்முறை புதியவர்கள் பலர் வருகிறார்கள். ஐயங்களை எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தேன்; வந்தவற்றில் பாதி ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியவை. எஸ்டேட் என்றதும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொண்ட நண்பருக்கு முதலில் ஒரு விளக்கம். கேவண்டிஷ் குடும்பம் 1549-இல் விலைக்கு வாங்கிய நிலம் இது. பின்னாளில் டெவன்ஷயர் கோமகன்கள் ஆன அதே குடும்பத்தின் மாளிகையும் பூங்காவும் இன்றும் அங்கேதான் உள்ளன. மாளிகையைச் சேர்ந்த பழைய மதில்சூழ் தோட்டம் ஒன்றின் உள்ளேதான் நம் வண்டிகள் நிற்கும்.

லெஸ்டரிலிருந்து: கார் ஓட்டும் உரிமம் வைத்திருக்கிறேன். அதைக்கொண்டு மோட்டார்ஹோம் ஓட்டலாமா?

எந்த ஆண்டில் தேர்வில் தேறினீர்கள் என்பதைப் பொறுத்தது. 1997 ஜனவரி 1-க்கு முன்னர் இந்நாட்டில் கார் தேர்வில் தேறியவர்களின் உரிமத்தில் 7,500 கிலோ வரை ஓட்டுவதற்கான சி1 தகுதியும் சேர்ந்தே இருக்கும். அதன் பின்னர் தேறியவர்களுக்கு 3,500 கிலோ எல்லை. கணக்கில் கொள்ளப்படுவது வண்டியின் அன்றைய எடை அன்று, தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும் உச்ச அனுமதி எடை. ஆகவே 4,250 கிலோ தகடு கொண்ட டீசல் வண்டியைக் காலியாக ஓட்டி வந்தாலும் குற்றம் குற்றமே. 70 வயது நிறைந்தவர்களுக்குச் சி1 தானாகத் தொடர்வதில்லை. மருத்துவரின் பரிசோதனைப் படிவத்தை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும்.

மில்டன் கீன்ஸிலிருந்து: நான்கு பேர் கொண்ட குடும்பம், 3,500 கிலோ வாடகை வண்டி. என்னென்ன எடுத்து வரலாம்?

இந்தக் கேள்வியை எவராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். என்ன எடுத்து வரலாம் என்பதைவிட எவ்வளவு எடுத்து வரலாம் என்பதே முதன்மையானது. உங்கள் வண்டியின் இயங்குநிலை எடை, அதாவது சாமான்களை ஏற்றுமுன் ஓடத் தயாராக நிற்கும் எடை, 3,060 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓட்டுநருக்கென 75 கிலோ அடக்கம். மீதம் 440 கிலோ. இல்லத்தரசிக்கு 75, குழந்தைகள் இருவருக்கும் சேர்த்து 80 என்று கழித்தால் 285. நூறு லிட்டர் நீர்த்தொட்டியை நிரப்பினால் 185. பக்கவாட்டுப் பந்தல் 30 கிலோ, மின்சைக்கிள் இரண்டு 50 கிலோ. கையிருப்பு இப்போது 105 கிலோதான். துணி, பாத்திரம், படுக்கை, அரிசி, எரிவாயு, நாற்காலி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

இதை ஏட்டுக் கணக்காக நினைத்தவர்களில் நானும் ஒருவன். என் முதல் வண்டியை வாங்கிய ஆண்டில், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடையில் நிறுத்தினேன். மொத்தம் 3,470 கிலோ என்று வந்ததும் பெருமிதத்துடன் சீட்டை மடித்துப் பையில் வைக்கப் போனேன். எடைமேடைக்காரர் சீட்டை மீண்டும் விரித்து, பின் அச்சின் வரியில் விரலை வைத்தார். எல்லை 2,000, காட்டியது 2,090. சைக்கிள்களை வண்டியின் பின்புறச் சட்டத்தில் மாட்டியிருந்தேன். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் சுமை நெம்புகோலைப் போல வேலை செய்து, முன்பக்கத்தைத் தூக்கி, தன் எடையைக் காட்டிலும் கூடுதலான பாரத்தைப் பின் அச்சின் மீது இறக்கிவிடுகிறது. மொத்த எடை சரியாக இருந்தும் வண்டி சட்டத்துக்குப் புறம்பாக நிற்பது இப்படித்தான்.

ஆகையால் புறப்படுவதற்கு முன் எடைமேடைக்குச் செல்லுங்கள். எல்லோரும் ஏறிய நிலையில், இரண்டு அச்சுகளையும் தனித்தனியே எடை போடுங்கள். நீர்த்தொட்டியை வீட்டிலேயே நிரப்ப வேண்டிய தேவை இல்லை. குழாய் அங்கேயே இருக்கிறது.

ஹாரோவிலிருந்து: காலையில் இட்லி, தோசை செய்ய வெட் கிரைண்டர் கொண்டுவர விரும்புகிறோம். மின்சாரம் தாங்குமா?

கிரைண்டரைத் தாங்கும்; உங்கள் கெட்டிலைத்தான் தாங்காது. நிறுத்துமிடத்துக் கம்பத்தில் 16 ஆம்பியர் கிடைத்தால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,600 வாட் பயன்படுத்தலாம். கிரைண்டருக்கு 150 வாட் போதும். அதே நேரத்தில் 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் 2,500 வாட் கெட்டிலும் ஓடினால் கம்பத்திலுள்ள காப்பு விசை விழுந்துவிடும். சட்னி பாதியில் நிற்கும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்ற ஒழுங்கு பழகிவிட்டால் பிரச்சினை இல்லை. மாவை வீட்டிலேயே அரைத்து வருவது அதனினும் நன்று, ஏனெனில் அந்தக் கல் எந்திரத்தின் எடை 12 கிலோ. எடைமேடைக்குப் போனீர்களா?

கிராய்டனிலிருந்து: நான் 2003-இல் உரிமம் பெற்றேன். 4,000 கிலோ வண்டி ஓட்டலாமா?

கூடாது. லெஸ்டர் நண்பருக்கு எழுதியதைப் பார்க்கவும்.

கோயம்புத்தூரிலிருந்து: மகனைப் பார்க்க வரும்போது கூடலிலும் கலந்துகொள்ள ஆசை. இந்திய உரிமம் செல்லுமா? கேரவன் என்றால் நடிகர்களுக்குக் கொடுப்பதுதானே?

வருகையாளர் இந்திய உரிமத்தைக்கொண்டு பன்னிரண்டு மாதங்கள் வரை, 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளை ஓட்டலாம். வாடகைக்கு விடுவோரும் காப்பீட்டாரும் வயது, அனுபவம் குறித்துத் தனி நிபந்தனை வைத்திருப்பார்கள். கேரவன் என்பது இங்கே காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், எஞ்சின் இல்லாத வீடு. எஞ்சினும் வீடும் ஒன்றாக இருப்பது மோட்டார்ஹோம். இவற்றைப் பொழுதுபோக்காகக் கொண்டோரின் பெரிய சங்கம் ஒன்று 1907-இலேயே இந்நாட்டில் தொடங்கப்பட்டது. அப்போது வண்டியை இழுத்தவை குதிரைகள்.

பர்மிங்ஹாமிலிருந்து: கூடலின் நடுவே ஒரு நாள்தான் ஓய்வு. சாட்ஸ்வொர்த்தில் எதைப் பார்க்க வேண்டும்?

மாளிகையின் அறைகளைப் பற்றிச் சொல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வரக்கூடும் என்று அறிந்த ஆறாம் கோமகன், அவரை வியக்கவைக்கும் நீரூற்று ஒன்றை அமைக்குமாறு தம் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனைப் பணித்தார். பாக்ஸ்டன் மாளிகையைக் காட்டிலும் 350 அடி உயர்ந்த மேட்டில் எட்டு ஏக்கர் ஏரி ஒன்றை வெட்டுவித்து, அங்கிருந்து குழாய் இறக்கி, இரவுகளில் தீவட்டி வெளிச்சத்திலும் வேலை வாங்கி, ஆறே மாதங்களில் முடித்தார். பம்பு எதுவும் கிடையாது. மேட்டு நீர் தன் பாரத்தாலேயே பீறிட்டு எழுந்து 296 அடியைத் தொட்டதாகப் பதிவு உண்டு. பேரரசர் 1844-இல் இங்கிலாந்துக்கு வந்தார். சாட்ஸ்வொர்த்துக்கு மட்டும் வரவில்லை. பந்தல் போட்டு, வாழை கட்டி, மாப்பிள்ளை வராத கல்யாணத்தைப் போல அந்த ஊற்று அவர் பெயரை இன்றும் சுமக்கிறது.

மாலையில் பூங்காவின் குறுக்கே நடந்து எடன்சர் சிற்றூருக்குச் செல்லுங்கள். பழைய ஊர் மாளிகையின் பார்வையில் விழுந்ததால் அதை அப்புறப்படுத்தி, குன்றின் மறைவில் புது ஊரைக் கட்டினார்கள். தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை காத்லீன் உறங்குகிறார். அதிபர் 1963-இல் அங்கு வந்து சென்றார்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: நாம் உண்ணும் வாழைப்பழங்கள் எல்லாம் சாட்ஸ்வொர்த்திலிருந்தே வந்தவை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பெயர் அங்கிருந்து வந்தது. நம் வாழைகள் எல்லாம் அங்கிருந்து வரவில்லை. 1830-களில் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டில் வாழை வளர்த்து, காய்க்கவும் வைத்தார். கோமகனின் குடும்பப் பெயரால் அது கேவண்டிஷ் எனப்பட்டது. இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழையில் மிகப் பெரும்பகுதி இந்தக் குலத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் மோரிஸ் என்று விற்கப்படும் ரொபஸ்டாவும் இதே குலம்.

ரெடிங்கிலிருந்து (பிறந்த ஊர் சின்னமனூர்): இதை ஏற்க இயலாது. தேனி மாவட்டத்தில் எங்கள் தோட்டத்துப் பச்சைநாடன் என் பாட்டனார் காலத்திலிருந்து இருக்கிறது. அதை ஓர் ஆங்கிலேயக் கோமகனின் பழம் என்பதா?

நான் பச்சைநாடனைச் சொல்லவில்லை. பச்சைநாடன் வேறு, மோரிஸ் வேறு. இரண்டிலும் தோல் பச்சையாக இருப்பதால் கடைக்காரர்களே சில வேளை குழப்பிவிடுகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் இன்று ஏக்கர் கணக்கில் பயிராகும் ஜி-9, அதாவது கிராண்ட் நைன், கேவண்டிஷ்தான். அந்தப் பிரெஞ்சுப் பெயருக்குப் “பெரிய குட்டை” என்று பொருள்.

அதே நண்பர்: அப்படியானால் ஜி-9 சாட்ஸ்வொர்த் கன்றின் வாரிசு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஒப்புக்கொள்ளவில்லை. வாழையை விதையால் வளர்ப்பதில்லை, பக்கக்கன்றால் வளர்க்கிறோம். பாக்ஸ்டன் கைக்கு வந்த கன்றே தென்சீனத்திலிருந்து மொரீஷியஸ் வழியாக வந்தது. அவர் வாழையிலிருந்து பிரித்த கன்றுகளைக் கிறித்தவ மறைப்பணியாளர்கள் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டு சென்றது உண்மை. அதனால் ஆசியாவில் ஏற்கெனவே பரவியிருந்த இதே குலத்து வாழைகள் எல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள் ஆகிவிட மாட்டா. ஒருவர் தம் வீட்டுப் பெயரை ஒரு செடிக்கு வைத்தார் என்பதற்காகச் செடியின் பிறந்தகம் மாறிவிடுமா? இதன் மேல் மேலும் பதினொரு கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்று மட்டுமே உரிமத்தைப் பற்றியவை என்பதால் உள்ளூர மகிழ்ச்சிதான். மிச்ச வாதத்தைக் கூடலின் இரண்டாம் இரவில் நேரில் வைத்துக்கொள்வோம்.

லூட்டனிலிருந்து: நண்பர் ஒருவருக்குக் கிராமத்தில் ஆறு ஏக்கர் நிலம் உண்டு. அடுத்த கூடலைப் பதினைந்து வண்டிகளுடன் அங்கே செலவின்றி நடத்தலாமே?

நல்ல எண்ணம், சட்டம் இடம் தராது. 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டத்தில் கேரவன் என்ற சொல்லுக்குள் மோட்டார்ஹோமும் அடங்கும். ஐந்து ஏக்கருக்குக் குறையாத நிலத்தில், ஆண்டுக்கு 28 நாட்கள், ஒரே வேளையில் மூன்று வண்டிகள் வரை தள உரிமமின்றி நிற்கலாம். பதினைந்து வண்டிகள் கூட வேண்டுமானால், விலக்குச் சான்று பெற்ற அமைப்பு தன் உறுப்பினர்களுக்காக நடத்தும் கூடலாக அது இருக்க வேண்டும். அப்போதும் ஐந்து நாட்களைத் தாண்டக் கூடாது.

கோவென்ட்ரியிலிருந்து: இரவில் குளிரும். கரி அடுப்பைப் பந்தலுக்குள் வைத்துக்கொள்ளலாமா? எந்த எரிவாயு நல்லது?

கரி அடுப்பு பந்தலுக்குள் ஒருபோதும் கூடாது. அணைந்தது போலச் சாம்பல் பூத்த நிலையிலும் கூடாது. நீறு பூத்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, உறங்குபவர் எழுவதில்லை. வண்டிக்கும் வண்டிக்கும் இடையே ஆறு மீட்டர் விடச் சொல்வதும் தீக்கு அஞ்சித்தான். எரிவாயுவில் புரோப்பேனையே தேர்ந்தெடுங்கள். பியூட்டேன் சுழியம் டிகிரியை நெருங்கியதுமே ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும்.

ஸ்லோவிலிருந்து: மழை பெய்தால் வண்டி சேற்றில் புதையுமா?

புல்தரை கிடைத்தால், முகப்பு வழியைப் பார்த்திருக்குமாறு நிறுத்துங்கள். நம்மில் பலருடைய வண்டிகள் முன்சக்கர இயக்கம் கொண்டவை; பின்பாரம் கூடினால் முன்சக்கரம் பிடிமானம் இழந்து அதே இடத்தில் சுழன்று குழி பறிக்கும். ரசமட்டம் ஒன்றும் சரிவுக்கட்டை இரண்டும் எடுத்து வாருங்கள். எடைமேடைக்கும் போய்வாருங்கள்.

வெம்ப்ளியிலிருந்து: என் உரிமம் 1999-ஆம் ஆண்டையது...

3,500 கிலோ. லெஸ்டர், கிராய்டன் பதில்களைப் பார்க்கவும்.

மில்டன் கீன்ஸிலிருந்து மீண்டும்: எடைமேடைக்குச் சென்றேன், ஐயா. நால்வரும் ஏறிய நிலையில் 3,640 கிலோ. நீர்த்தொட்டி நிறைய நூறு லிட்டர்; பின்னால் மின்சைக்கிள் இரண்டு; ஹாரோ நண்பரைப் போல நாங்களும் கிரைண்டர் ஏற்றியிருக்கிறோம்.

சொன்னபடி சென்ற முதல் ஆள் நீங்கள், மிக்க நன்றி. 140 கிலோ கூடுதலாக இருக்கிறது. தொட்டியில் வழிப்பயணத்துக்கென 20 லிட்டரை மட்டும் விட்டு மற்றதைத் திறந்துவிடுங்கள். 80 கிலோ குறையும். சைக்கிள்களை வீட்டில் விட்டால் இன்னும் 50 குறையும், பின் அச்சும் மூச்சு விடும். கிரைண்டரை இறக்கினால் 12. இப்போது 3,498. இன்னும் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது. ஒரு சீப்பு மோரிஸ் பழம் எடுத்து வாருங்கள், சின்னமனூர் நண்பரும் வருகிறார்.